சாம்பிளை சாம்பிள் என்றே சொல்லுங்கள்! - சட்ட நிறுவன விண்ணப்பத்தில் 'விர்ச்சுவல்' அனுபவத்தை எழுதுவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் கால் வைக்காதவர்களுக்குக்கூட 'சாம்பிள்' என்றால் என்னவென்று தெரியும். அளவு பார்க்க ஒரு சாம்பிள், துணியும் நிறமும் முடிவானபின் ஒரு சாம்பிள், உற்பத்தியைத் தொடங்கும் முன் ஒரு சாம்பிள் என்று பல கட்டங்கள் உண்டு. சாம்பிள் பீஸ் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை யாரும் 'ஷிப்மென்ட்' என்று சொல்வதில்லை. 'சாம்பிள்தானே' என்று அலட்சியமாகத் தைப்பதும் இல்லை. அந்த ஒரு பீஸைப் பார்த்துத்தான் பையர் ஆர்டர் போடுவார்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் செய்யும் 'விர்ச்சுவல் ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ்' எனும் மெய்நிகர் பணி அனுபவமும் இதைப் போன்றதுதான். அது நிஜ வேலை அல்ல. ஆனால், வேலை செய்யத் தெரியும் என்று காட்டும் சாம்பிள். பெரிய சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது பலர் இடறுவது இந்த வேறுபாட்டில்தான். சிலர் அதை வேலை என்றே எழுதிவிடுகிறார்கள். சிலரோ, 'இதையெல்லாம் எப்படிப் போடுவது' என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்.

யாருக்கு இது முக்கியம்?

வீட்டில் முதன்முதலாகச் சட்டம் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். அப்பா பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங் பிரிவில். சனிக்கிழமை சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. சென்னையிலோ மும்பையிலோ உள்ள சட்ட நிறுவனத்தில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டுமென்றால் ஹாஸ்டல், சாப்பாடு, பயணம் என்று எல்லாவற்றுக்கும் கைக்காசு போட வேண்டும். பயிற்சிக்காலத்தில் உதவித்தொகை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வக்கீல் மாமாவோ, நீதிபதி பெரியப்பாவோ இல்லாத வீட்டில் சிபாரிசுக்கும் வழியில்லை.

அந்த மாணவிக்கு, ஒரு போனும் இணைய வசதியும் இருந்தால் லண்டன் சட்ட நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது என்பது சின்ன விஷயமல்ல. அந்த வாய்ப்பை அவர் காகிதத்தில் எப்படி எழுதுகிறார் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

திரைக்குள் ஒரு ஆபீஸ்

2017-ல் ஆஸ்திரேலியாவில் 'இன்சைட்ஷெர்பா' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரன்ஸ்கில், முன்பு வழக்கறிஞராக இருந்தவர். பின்னர் 'ஃபோரேஜ்' என்று பெயர் மாறிய அந்தத் தளத்தில் லிங்க்லேட்டர்ஸ், ஒயிட் அண்ட் கேஸ், லேதம் அண்ட் வாட்கின்ஸ் போன்ற பன்னாட்டுச் சட்ட நிறுவனங்கள் பயிற்சிகளை வெளியிட்டன. மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. நேர்காணல், நுழைவுத்தேர்வு எதுவும் இல்லை. 2020 ஊரடங்கில் ஆபீஸ்கள் மூடப்பட்டபோது இப்படிப்பட்ட பயிற்சிகள் உலகம் முழுக்கப் பரவலாகின.

பயிற்சி எப்படி இருக்கும்? ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கப்போவதாக ஒரு கற்பனைச் சூழல் தரப்படும். ஒப்பந்தங்களைப் படித்து, ஆபத்தான பிரிவுகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு சட்டக் கேள்வியை ஆராய்ந்து குறிப்பு எழுதச் சொல்வார்கள். கட்சிக்காரருக்குப் புரியும்படி ஒரு மெயில் எழுதச் சொல்வார்கள். எழுதி அனுப்பியதும் நிறுவனம் தயாரித்த மாதிரி விடை திறக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நாமே கற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் ஒரு சான்றிதழ் வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ், 'முடித்தார்' என்றுதான் சொல்கிறது. 'நன்றாகச் செய்தார்' என்று சொல்லவில்லை. யாரும் உட்கார்ந்து திருத்தி மதிப்பெண் போடுவதில்லை. எனவே சான்றிதழின் பலம் குறைவு. அதைச் செய்தபோது என்ன கற்றுக்கொண்டோம் என்பதில்தான் பலம் இருக்கிறது.

திரையில் கற்பது தாழ்வா?

இல்லை. இதற்கு நம் உச்ச நீதிமன்றத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திங்கள், வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி மாணவர்கள் உச்ச நீதிமன்ற அறைக்குள் நுழைய முடியாத நிலை முன்பு இருந்தது. விசாரணையைக் காண வழி வேண்டும், நேரலையாக ஒளிபரப்ப வேண்டும் என்று கேட்டு, ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவர் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் உள்ளிட்டோரின் மனுக்களோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட அந்த வழக்கில், 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் நேரலையில் வருகின்றன. இன்று அவிநாசியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகூட அந்த வாதங்களைக் கேட்க முடிகிறது.

ஆக, திரை வழியாகச் சட்டம் கற்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. கற்றதற்கு வேறு பெயர் வைப்பதுதான் தவறு.

மூன்றும் ஒன்றல்ல

'விர்ச்சுவல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. விண்ணப்பம் எழுதும் முன் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மேலே சொன்ன 'ஜாப் சிமுலேஷன்'. சூழலும் கற்பனை, கட்சிக்காரரும் கற்பனை. மேலே ஒரு சீனியர் கிடையாது.

இரண்டாவது, 'ரிமோட் இன்டர்ன்ஷிப்'. வழக்கறிஞர் அலுவலகமோ, சட்ட நிறுவனமோ வீட்டிலிருந்தபடியே நிஜ வேலை வாங்குவது. தீர்ப்புகளைத் தேடித் தருவது, மனுவின் வரைவை எழுதுவது என்று வேலை வரும். சீனியர் பார்த்துத் திருத்துவார். இதைத் தயங்காமல் 'இன்டர்ன்ஷிப்' என்றே எழுதலாம். வீட்டிலிருந்து செய்தது என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, காசு வாங்கிக்கொண்டு 'இன்டர்ன்ஷிப் சான்றிதழ்' தருபவை. வேலை இல்லை, கற்றலும் இல்லை, பி.டி.எஃப் மட்டும் வரும். இதை விண்ணப்பத்தில் சேர்க்கவே கூடாது. 'அங்கே என்ன செய்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் நூல் பிரிந்துவிடும்.

பார் கவுன்சில் கணக்கு வேறு

இந்தியப் பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டு சட்டப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரங்களும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரங்களுக்கு மேல் செய்யக் கூடாது. படிப்புக் காலத்தில் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்றம் மற்றும் மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

சில மணி நேர சிமுலேஷனை இந்தக் கணக்கில் காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. ரிமோட் இன்டர்ன்ஷிப் என்றாலும், கணக்கில் வருமா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கு 2021 செப்டம்பரில் வந்த புதிய முறைப்படி, இரண்டு ஆண்டு தகுதிப் பணி அனுபவம் தேவை. அது நிஜமான சட்டச் சேவையாக இருக்க வேண்டும். சிமுலேஷன் அதில் சேராது.

ரெஸ்யூமில் எங்கே, எப்படி?

'பணி அனுபவம்' என்ற தலைப்பின் கீழே போடாமல், 'மெய்நிகர் பணி அனுபவம்' அல்லது 'பயிற்சிகள்' என்று தனித் தலைப்பு கொடுப்பது பாதுகாப்பானது. ஆன்லைன் படிவத்தில் பணி அனுபவத்துக்கு ஒரே பெட்டிதான் இருக்கிறதென்றால், பதவி கேட்கும் இடத்தில் 'மெய்நிகர் பயிற்சியில் பங்கேற்றவர்' என்று குறிப்பிடலாம்.

இப்படி எழுதினால் தவறு:

'லண்டன் சட்ட நிறுவனத்தில் இன்டர்ன், ஜூன் 2025. நிறுவன விற்பனை விவகாரத்தில் கட்சிக்காரருக்கு ஆலோசனை வழங்கினேன்.'

இரண்டே வரிகளில் மூன்று பொய்கள். அவர் இன்டர்ன் அல்ல. கட்சிக்காரர் என்று யாரும் இல்லை. ஆலோசனையும் வழங்கப்படவில்லை. 'ஜூன் 2025' என்று மட்டும் போட்டதால், ஒரு மாதம் முழுக்க வேலை செய்ததுபோலத் தோற்றம் வேறு.

இப்படி எழுதலாம்:

'மெய்நிகர் பணி அனுபவம் (ஜாப் சிமுலேஷன்), நிறுவனத்தின் பெயர், தளத்தின் பெயர், ஜூன் 2025, சுமார் 6 மணி நேரம். கற்பனையான நிறுவன விற்பனை ஒன்றில் 3 ஒப்பந்தங்களைப் படித்து, உரிமையாளர் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இடம் தரும் பிரிவுகளைக் கண்டறிந்தேன். அதை ஒரு பக்கக் குறிப்பாகவும், சட்டம் படிக்காதவருக்குப் புரியும் மெயிலாகவும் எழுதினேன்.'

இதில் என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம், எதற்காகச் செய்தோம் என்று மூன்றும் இருக்கின்றன. சட்டையின் லேபிளில் 'காட்டன் 60, பாலியஸ்டர் 40' என்று போடுவதைப் போன்றது இது. கலப்புத் துணி என்பதால் சட்டை மட்டமாகிவிடாது. '100 சதவிகிதம் காட்டன்' என்று பொய் லேபிள் ஒட்டினால்தான் மொத்த லாட்டும் திரும்பி வரும்.

எத்தனை போடலாம்? விண்ணப்பிக்கும் துறைக்குப் பொருத்தமான இரண்டு போதும். பத்து சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால், எதையும் ஆழமாகச் செய்யவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். தளங்களே 'ரெஸ்யூமில் இப்படிப் போடலாம்' என்று ஒரு பத்தி எழுதிக் கொடுப்பதுண்டு. அதை அப்படியே ஒட்டக் கூடாது. அதே பத்தி மற்றவர்களின் விண்ணப்பத்திலும் இருக்கும்.

கவரிங் லெட்டருக்கு ஊரே கை கொடுக்கும்

கவரிங் லெட்டரில் சிமுலேஷனுக்கு ஒரு பத்திக்கு மேல் தேவையில்லை. ஆனால், அந்தப் பத்தியில் அதை நிஜ வாழ்க்கையோடு இணைக்க வேண்டும். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. மெட்ரோ நகரத்து மாணவர்கள் புத்தகத்தில் படிக்கும் வணிகப் பிரச்னைகளை இவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஜாப் ஒர்க் பில் மாதக்கணக்கில் நிற்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ, சேவையோ வாங்கியவர் பணம் தர அதிகபட்சம் 45 நாள் கெடு விதிக்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இப்படித் தாமதமாகும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்ற திருத்தமும் 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

இதை வைத்து ஒரு மாணவி இப்படி எழுதலாம்: 'மெய்நிகர் பயிற்சியில் ஒரு சப்ளை ஒப்பந்தத்தின் பணம் செலுத்தும் பிரிவைப் படித்தேன். என் குடும்பம் நடத்தும் தையல் யூனிட்டில் பில், டெலிவரி சலான், டெபிட் நோட் ஆகியவற்றை இரண்டு ஆண்டுகளாக நான்தான் பராமரிக்கிறேன். 45 நாள் விதி சட்டத்தில் இருந்தும், அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் சிறு யூனிட்கள் அதைக் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் எழுதும்போதே இதைத் தீர்ப்பது எப்படி என்று கற்க விரும்புகிறேன்.'

இந்தப் பத்தியை இன்னொருவர் நகல் எடுக்க முடியாது. உண்மையிலேயே கணக்கு எழுதியவர் மட்டும்தான் இதை எழுத முடியும் என்பது படிக்கிறவருக்குத் தெரியும். நிஜத்தில் எதையும் செய்யாதவர் இதைப் பார்த்து எழுதினால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

இப்படி யோசிக்க இங்கே விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவிகித வரி விதித்தபோது, கூடுதல் சுமையை யார் ஏற்பது என்ற கேள்வி ஒவ்வொரு ஆர்டரிலும் எழுந்தது. அது ஒப்பந்தச் சட்டக் கேள்வி. நொய்யல் மாசுபாடு தொடர்பாக 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் சுற்றுச்சூழல் சட்டத்தின் முக்கியமான பாடங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இதில் ஒரு கவனம் தேவை. பையரின் பெயர், விலை, ஆர்டர் விவரம் எதையும் விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற பெயர் சட்டத்துறையில் வாங்கவே கூடாத பெயர்.

இன்டர்வியூவில் கேட்டால்..?

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். அதற்கான தயாரிப்பு, பயிற்சியைச் செய்யும்போதே தொடங்குகிறது. மாதிரி விடையைத் திறப்பதற்கு முன் சொந்த விடையைத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதை விட்டோம், எதைத் தேவையில்லாமல் எழுதினோம் என்று நான்கு வரி குறித்துக்கொள்ள வேண்டும். விடையை ஏ.ஐ-யிடம் எழுதி வாங்கியவருக்கு இந்த நான்கு வரி கிடைக்காது.

'யாரிடம் ரிப்போர்ட் செய்தீர்கள்?' என்று கேட்டால், 'யாரிடமும் இல்லை சார், அது நாமே செய்து பார்க்கும் பயிற்சி' என்று சொல்லிவிடலாம். 'எதில் தடுமாறினீர்கள்?' என்று கேட்டால், 'நோட்டீஸ் காலத்தைக் கவனிக்காமல் விட்டேன். அதிலிருந்து ஒப்பந்தம் படிக்கும்போது தேதிகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்' என்பது போன்ற பதில் பத்து சான்றிதழ்களை விட மேலானது.

வழக்கறிஞர் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் நீதிமன்றம் நடக்கிறது. அந்தத் தொழிலுக்குள் நுழைய எழுதும் முதல் காகிதமே மிகைப்படுத்தலாக இருந்தால், படித்த படிப்பு அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். சிபாரிசும் பின்புலமும் இல்லாத பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு சுலபமாக வராது என்பதால், இந்த எச்சரிக்கை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

சாம்பிளுக்கு அடுத்து...

சிமுலேஷனோடு நின்றுவிடக் கூடாது. செலவில்லாத நிஜ அனுபவமும் உள்ளூரிலேயே உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்களும் சேர விண்ணப்பிக்கலாம். மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் போய் உட்கார்ந்தால் காசோலை வழக்கு, விபத்து இழப்பீடு, குடும்பத் தகராறு எல்லாம் எப்படிப் பேசித் தீர்க்கப்படுகின்றன என்று பார்க்கலாம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், தாராபுரம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் விடுமுறையில் நான்கு வாரம் போனால், பார் கவுன்சில் கணக்குக்கும் ஆகும்.

ரெஸ்யூமில் அந்த நான்கு வாரம் மேலேயும் சிமுலேஷன் கீழேயும் இருந்தால், வரிசை சரியாக இருக்கிறது என்று பொருள். பனியன் கம்பெனியில் லீவு நாளில் பார்த்த வேலையையும் ஒளிக்க வேண்டாம். படித்துக்கொண்டே வேலையும் பார்த்தவருக்குப் பொறுப்பு உண்டு என்பதைச் சொல்லத் தனிச் சான்றிதழ் தேவையில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

மகள் ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தால், 'ஏம்மிணி, இது வேலையா, படிப்பா?' என்று கேட்கத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பயிற்சி அது. சம்பளம் வராது, ஆனால் வீண் பொழுதுபோக்கு அல்ல. அதே நேரம், 'ஐயாயிரம் கட்டினால் பெரிய கம்பெனி இன்டர்ன்ஷிப்' என்று யாராவது சொன்னால், காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன வேலை கொடுப்பார்கள்? யார் பார்த்துத் திருத்துவார்கள்? அந்த நிறுவனமே தன் இணையதளத்தில் இதை அறிவித்திருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், அந்தக் காசில் நல்ல சட்டப் புத்தகங்கள் வாங்கலாம்.

சாம்பிள் நன்றாக இருந்தால் ஆர்டர் வரும் என்பது இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகள் அதைச் சாம்பிள் என்றே எழுதி அனுப்பட்டும். தையல் மட்டும் நேராக இருக்கட்டும்.